பெரிய எஸ்யூவியின் மைலேஜ்: எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது?

லிட்டருக்கு 6 கிமீ கொடுக்கும் பெரிய எஸ்யூவி ஒன்றும் 15 கிமீ கொடுக்கும் சிறிய கார் ஒன்றும் ஒரே வீட்டில் நிற்கின்றன என்றும், இரண்டும் ஆண்டுக்கு 15,000 கிமீ ஓடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். சிறிய காரை ஓட்டுபவர் மிகவும் கவனமெடுத்து அதன் மைலேஜை 15இலிருந்து 18ஆக உயர்த்துகிறார். எஸ்யூவியை ஓட்டுபவர் 6ஐ 7ஆக மட்டுமே உயர்த்துகிறார். யார் அதிக எரிபொருளை மிச்சப்படுத்தினார் என்று கேட்டால், பெரும்பாலோர் முதலாமவரைத்தான் காட்டுவார்கள். 3 கிமீ கூடியிருக்கிறது, விழுக்காட்டிலும் அதுவே பெரியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிறிய கார் 1,000 லிட்டரிலிருந்து 833 லிட்டருக்கு இறங்கி 167 லிட்டரை மிச்சப்படுத்தியிருக்கிறது; எஸ்யூவியோ 2,500இலிருந்து ஏறத்தாழ 2,143க்கு இறங்கி 357 லிட்டரை மிச்சப்படுத்தியிருக்கிறது.

‘லிட்டருக்கு எத்தனை கிமீ’ என்ற அளவு இப்படித்தான் நம் கண்ணை மறைக்கிறது. அதனால் இக்கட்டுரையில் பெரும்பாலும் ‘100 கிமீக்கு எத்தனை லிட்டர்’ என்ற கணக்கையே பயன்படுத்துகிறேன். பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் பலர், ‘இது எப்படியும் குடிக்கும், இதில் போய் என்ன மிச்சம் பார்ப்பது’ என்று கைவிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டும் பழக்கத்தை மாற்றுவதால் கைமேல் பலன் கிடைப்பது அப்படிப்பட்ட வண்டிகளில்தான் என்பதை மேற்கண்ட கணக்கே சொல்லிவிடுகிறது. எஞ்சியிருப்பது, எந்தப் பழக்கத்தை மாற்றுவது என்ற கேள்வி மட்டுமே. வேகத்தைக் குறைப்பதா, பிரேக்கை மிதிப்பதைக் குறைப்பதா, மேலே இருக்கும் கேரியரைக் கழற்றுவதா, ஏசியை அணைப்பதா, டயரில் காற்றுப் பிடிப்பதா, அல்லது வண்டியையே மாற்றிவிடுவதா? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தொடங்குபவர் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார் என்பது என் அனுபவம் என்பதால், எது எவ்வளவு தரும் என்று அளந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

நெடுஞ்சாலை ஓட்டத்திலிருந்து தொடங்கலாம். சீரான வேகத்தில் சமதளச் சாலையில் செல்லும் வண்டியின் எஞ்சின் இரண்டு தடைகளோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் தடை. இது வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதாக மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. பெரிய எஸ்யூவியைப் பொறுத்தவரை, அதன் உயரமும் அகலமும் சேர்ந்து, காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டிய முகப்புப் பரப்பை ஏறத்தாழ 3 சதுர மீட்டருக்குக் கொண்டுசென்றுவிடுகின்றன. காற்றுத் தடைக் குணகத்தை (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண்) 0.35 என்றும், ஆட்களோடு சேர்த்து எடையை 2,500 கிலோ என்றும் எடுத்துக்கொண்டால், டயர்த் தடை சுமார் 245 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) வருகிறது. காற்றுத் தடை 90 கிமீ வேகத்தில் சுமார் 394, 100இல் 486, 110இல் 588, 120இல் 700 நியூட்டன் என்று ஏறிக்கொண்டே போகிறது. இரண்டையும் கூட்டினால் 90இல் 639ஆக இருந்த மொத்தத் தடை 120இல் 945 ஆகிறது; கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

தாழ்வான ஒரு செடான் காருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். விழுக்காட்டளவில் அதுவும் ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது. இந்த விஷயத்தில் எஸ்யூவிக்கென்று தனிச் சாபம் எதுவும் இல்லை. ஆனால் செடானுக்கு அந்த ஏற்றம் சுமார் 180 நியூட்டன், எஸ்யூவிக்கோ 306. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 8 மெகாஜூல், சக்கரத்தை வந்தடைகிறது என்று கொண்டால், 90இலிருந்து 120க்கு ஏறுவதற்கு எஸ்யூவி ஒவ்வொரு 100 கிமீக்கும் மூன்று லிட்டருக்குக் குறையாமல் கூடுதலாக எரிக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 74 வாகனங்களின் தரவை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவாகவே இருக்கிறது: மணிக்கு 80 கிமீயிலிருந்து 97க்கு ஏறினால் மைலேஜ் சராசரியாக 12 விழுக்காடும், அங்கிருந்து 113க்கு ஏறினால் மேலும் 14 விழுக்காடும், அங்கிருந்து 129க்கு ஏறினால் மேலும் 15 விழுக்காடும் குறைவதாக அது காட்டியது.

இப்போது இதற்கு ஈடாக நாம் வாங்குவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேகத்தைக் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு, அது நேரம். 300 கிமீ பயணத்தை 90 கிமீ வேகத்தில் முடிக்க 200 நிமிடம் ஆகும், 100இல் 180, 110இல் 164, 120இல் 150. முதல் பத்து கிமீ ஏற்றம் 20 நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது. அதற்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் செலவாகிறது. கடைசிப் பத்து கிமீ ஏற்றமோ நான்கு லிட்டருக்கு மேல் வாங்கிக்கொண்டு 14 நிமிடத்தை மட்டுமே தருகிறது. ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது, சரக்கு குறைகிறது. அதிலும் இந்த 14 நிமிடம் சாலை முழுக்கக் காலியாக இருந்தால் மட்டுமே கைக்கு வரும். இடையில் நான்கு லாரிகள் இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு போனால், 120இல் பறந்து வந்தவரும் 105இல் வந்தவரும் அதே லாரியின் பின்புற விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: 120 பழக்கமானவர் 105க்கு இறங்கட்டும். 90க்கு இறங்கச் சொல்வதில்லை. சொன்னாலும் யாரும் கடைப்பிடிக்கப்போவதில்லை. மற்ற வண்டிகள் வேகமாகச் செல்லும் சாலையில் மிக மெதுவாகச் செல்வது பாதுகாப்பும் அல்ல. 105 என்பது ஒரு மாதத்துக்குப் பிறகும் தாக்குப்பிடிக்கும் வேகம். இதற்கு, வைத்த வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் பெரிய துணை. அது சிக்கனமாக ஓட்டுகிறது என்பதால் அல்ல, நம் கால் நம்மை அறியாமலேயே 118க்குப் போய்விடுவதை அது தடுக்கிறது என்பதால். மேடு பள்ளமான சாலையில் மட்டும் அதை அணைத்துவிடுவது நல்லது. ஏற்றத்தில் வேகம் இரண்டு கிமீ குறைந்தாலும் அது பொறுக்காமல் கியரை இறக்கி எஞ்சினை அலறவிடும். நாமாக ஓட்டினால் ஏற்றத்தில் ஐந்தாறு கிமீ இழந்துவிட்டு இறக்கத்தில் மீட்டுக்கொள்ளலாம்.

வேகத்தோடு சேர்த்தே பேசப்பட வேண்டியது கூரைமேல் இருக்கும் கேரியர். முகப்புப் பரப்பு ஏற்கெனவே பெரிதாக இருக்கும் வண்டியின் தலையில் இன்னொரு பெட்டியை ஏற்றுகிறோம். மழுங்கிய முகப்புடைய பெரிய கூரைப் பெட்டி, மணிக்கு 105 முதல் 120 கிமீ வரையான வேகத்தில் மைலேஜை 10 முதல் 25 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அதே பெட்டி நகரத்துக்குள் 2 முதல் 8 விழுக்காடுதான் குறைக்கும். அதே சாமான்களை வண்டியின் பின்புறம் மாட்டும் கேரியரில் வைத்தால் நெடுஞ்சாலையிலும் இழப்பு 1 முதல் 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை சுற்றுலா போவதற்காக மாட்டிய கேரியர், மீதி ஐம்பது வாரமும் வெறுமனே காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதை எத்தனையோ வண்டிகளில் காணலாம். அதைக் கழற்ற அரை மணி நேரம் போதும். அதன் பிறகு ஓட்டுநர் எந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. உழைப்புக்கு ஈடான பலன் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

நகரத்துக்குள் வந்தவுடன் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. அங்கே காற்றுத் தடை ஒரு பொருட்டே அல்ல, எடைதான் ஆட்டிப்படைக்கிறது. 2,500 கிலோ வண்டியை 60 கிமீ வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 347 கிலோஜூல் இயக்க ஆற்றலை அதற்குள் ஏற்ற வேண்டியிருக்கிறது. முன்னர் சொன்ன கணக்கின்படி இது 43 மில்லிலிட்டர் பெட்ரோல். சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக்கை அழுத்தியதும் அந்த 43 மில்லிலிட்டரும் பிரேக் டிஸ்க்கில் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. ஒரு பயணத்தில் இப்படி இருபது முறை நின்றால், முக்கால் லிட்டருக்கு மேல் வெறும் பிரேக்கைச் சூடாக்குவதற்கே செலவாகியிருக்கிறது. 1,200 கிலோ எடையுள்ள சிறிய காருக்கு இதே இழப்பு பாதிக்கும் குறைவு.

இங்கே பலர் தவறான இடத்தில் கவனத்தை வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மைலேஜ் வேண்டும் என்றால் ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதிக்க வேண்டும் என்ற அறிவுரை காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதில் பாதிதான் உண்மை. பெட்ரோல் எஞ்சின் மிகக் குறைந்த சுமையில் ஓடும்போதுதான் அதன் திறன் மோசமாக இருக்கிறது. குறைந்த சுழற்சியில் ஓரளவு நல்ல சுமையோடு ஓடும்போது ஒவ்வொரு சொட்டிலிருந்தும் அதிக வேலையைக் கறந்துகொள்கிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் 60ஐ எட்டுமாறு நடுத்தரமாக மிதித்து, கியரைச் சீக்கிரம் மேலே கொண்டுபோய்விடுவது, அரை நிமிடம் ஊர்ந்து ஏறுவதைவிட எந்த வகையிலும் குறைந்ததல்ல. கையால் கியர் மாற்றும் பெட்ரோல் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுழற்சிக்குள்ளும் (ஆர்பிஎம்), டீசலில் 2,000ஐத் தாண்டாமலும் அடுத்த கியருக்குப் போய்விடலாம். ஆட்டோமேட்டிக்கில் பெடலை முக்கால் பங்கு அழுத்தினால் அது கியரை இறக்கிச் சுழற்சியை ஏற்றிவிடும் என்பதால், அந்த எல்லையைத் தொடாமல் இருந்தால் போதும். எந்த வேகம் வரை ஏறினோம், அதை எப்படி இறக்கினோம் என்ற இரண்டும்தான் நகர ஓட்டத்தில் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்ததே. இரண்டு சிக்னல்களுக்கு நடுவில் 60 வரை போவதற்குப் பதிலாக 45 வரை மட்டும் போனால், அடுத்த சிக்னலில் பிரேக்கில் எரிந்துபோவது 43 மில்லிலிட்டருக்குப் பதில் 24 மில்லிலிட்டர்தான். அந்தச் சிக்னல் சிவப்பாக இருக்கும்வரை, 60இல் வந்தவருக்கும் 45இல் வந்தவருக்கும் பச்சை ஒரே நேரத்தில்தான் விழும்.

இரண்டாவதை ஒரு சிக்னலை வைத்தே விளக்கலாம். முன்னே 250 மீட்டர் தூரத்தில் விளக்கு சிவப்பாக இருக்கிறது. வண்டி 60இல் போய்க்கொண்டிருக்கிறது. அதே இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரை மாற்றாமல் விட்டுவிடுகிறேன். டாஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டும் பட்டை சட்டென்று கடைசிக்கோடு வரை ஓடி அங்கேயே நிற்கிறது. எஞ்சின் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதைச் சுழற்றுவது சக்கரங்கள். இன்ஜெக்டர்கள் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிட்டன. வேகம் 55, 48, 40 என்று தானாக இறங்குகிறது. சுழற்சி 1,200ஐ நெருங்கும்போது காலடியில் ஒரு சின்ன உதறல். எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க மீண்டும் பெட்ரோல் சுரக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். விளக்குக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது வண்டி 20இல் இருக்கிறது. பெரும்பாலும் அந்நேரத்துக்கு விளக்கு மாறியிருக்கும், வண்டி நிற்காமலேயே போய்விடும். மாறாவிட்டாலும் பிரேக்குக்கு அங்கே பெரிய வேலையில்லை. இதே 250 மீட்டரில் முதல் 200 மீட்டருக்கு ஆக்சிலரேட்டரில் கால் வைத்திருந்து, கடைசி ஐம்பதில் பிரேக்கை அழுத்துபவர், அந்த 200 மீட்டருக்கான பெட்ரோலை எதற்காக எரித்தார் என்று கேட்டால் பதில் இல்லை.

கனமான வண்டி ஒரு விதத்தில் இதற்கு நன்கு ஒத்துழைக்கிறது. எடை அதிகம் என்பதால் காலை எடுத்தபின் அது வெகுதூரம் உருண்டு வரும்; எஸ்யூவியின் உயரமான இருக்கையிலிருந்து முன்னே நான்கைந்து வண்டிகளுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: இன்னும் அதிக தூரம் உருளும் என்பதற்காக நியூட்ரலில் போடுபவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரலில் வண்டி அதிக தூரம் போவது உண்மைதான், ஆனால் எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது வண்டியை இழுக்காமல் சும்மா ஓடியபடி, பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிரேக்கிங் இருக்காது, திடீரென்று முடுக்க வேண்டி வந்தால் கையில் எதுவும் இருக்காது. இறக்கமான மலைச்சாலையில் இரண்டரை டன் எடையை வெறும் பிரேக்கை நம்பி இறக்குவது எரிபொருளைப் பற்றிய விவாதமே அல்ல.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பில், ஆவேசமாக முடுக்குவதும் பிரேக் போடுவதுமான ஓட்டம் நெடுஞ்சாலை வேகத்தில் மைலேஜை 15 முதல் 30 விழுக்காடு வரையும், நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரையும் குறைக்கிறது. இந்த 40 விழுக்காடு யாருக்கும் ஒரே நாளில் திரும்பக் கிடைத்துவிடாது. ஏற்கெனவே நிதானமாக ஓட்டுபவருக்கு இதில் மிச்சம் பிடிக்க அதிகம் இருக்காது. ஆனால் முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தை ஒட்டியபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவர், இடைவெளியை மூன்று விநாடியாக உயர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் தானும் பிரேக்கை அழுத்த வேண்டிய கட்டாயம் இடைவெளி குறைவாக இருப்பதால்தான் வருகிறது.

நகர ஓட்டத்தில் இதற்கு அடுத்தபடியாக நான் வைப்பது ஐட்லிங். மூன்று லிட்டர் எஞ்சின் பத்து நிமிடம் சும்மா ஓடினால் சுமார் 300 மில்லிலிட்டர் எரிகிறது என்று கனடாவின் இயற்கை வளத் துறை கணக்கிட்டிருக்கிறது. பிள்ளைகளை அழைத்துவர வாசலில் காத்திருப்பது, யாரோ கடைக்குள் போயிருக்கும்போது ஏசியோடு உட்கார்ந்திருப்பது என்று நாளுக்கு இருபது நிமிடம் சேர்ந்தால், 250 நாளில் 150 லிட்டர். கட்டுரையின் தொடக்கத்தில் சிறிய காரை ஓட்டியவர் ஓராண்டு முழுவதும் பாடுபட்டு மிச்சப்படுத்தியதற்கு இது ஏறத்தாழச் சமம். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அணைத்துவிடலாம். நெடுந்தூரம் வேகமாக ஓடி வந்த டர்போ வண்டிக்கு மட்டும், கையேட்டில் சொல்லியிருந்தால், அணைக்குமுன் சிறிது நேரம் கொடுக்க வேண்டும்.

ஏசியைப் பற்றிய சண்டை எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கம்ப்ரஸர் எடுக்கும் ஆற்றல் நேரத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்ததல்ல. எனவே மணிக்கு 15 கிமீ நகரும் நெரிசலில் அது மைலேஜைப் பலமாகக் கடிக்கும், 100இல் போகும்போது பெரிதாகத் தெரியாது. கடும் வெயிலில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், இழப்பு 25 விழுக்காட்டைத் தாண்டவும் கூடும். ஆனால் மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட வண்டியில் பின்னால் இருப்பவர்களை வேகவைத்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடிகளை இறக்கி முதல் ஓரிரு நிமிடம் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு உள்காற்றையே சுழலவிட்டால் கம்ப்ரஸரின் பாடு வெகுவாகக் குறையும். நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கிவைத்து ஏசியை அணைப்பது, பெரும்பாலும் ஒரு பக்கம் மிச்சம் பிடித்து மறுபக்கம் காற்றுத் தடைக்குக் கொடுப்பதாகவே முடியும்.

டயர்க் காற்றழுத்தம் குறித்துச் சொல்லப்படும் அளவுக்கு அதில் மிச்சம் கிடைப்பதில்லை. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 விழுக்காடு குறைகிறது; ஐந்து பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் ஒரு விழுக்காடுதான். பாதுகாப்புக்காகவும் டயரின் ஆயுளுக்காகவும் மாதம் ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் அதனால் மைலேஜ் தூக்கிக் கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டயரின் வகை வேறு விஷயம். தோற்றத்துக்காகக் கரடுமுரடான பெரிய டயர்களை மாட்டியவர்கள் ஒவ்வொரு கிமீக்கும் அதற்கு வரி கட்டுகிறார்கள். அளவு பெரிதானால் ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், அவர்கள் போடும் மைலேஜ் கணக்கும் பிழையாகவே இருக்கும்.

டிக்கியில் கிடக்கும் சாமான்களைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். 45 கிலோ கூடினால் மைலேஜ் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும் என்பது பொதுவான கணக்கு. அதுவும் சிறிய வண்டிக்குத்தான் அதிகம் உறைக்கும், இரண்டரை டன் வண்டிக்கு அதைவிடக் குறைவு. பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியை மண்சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு வந்தபின் இரு சக்கர இயக்கத்துக்கு மாற்ற மறப்பது இதைவிடப் பெரிய தவறு. எரிபொருள் மட்டுமல்லாமல், முன், பின் சக்கரங்களுக்கு ஆற்றலைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து பாழாகும்.

பணம் கொடுத்து வாங்கும் வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயம். எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிசோதித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்துவதாக எதையும் அது காணவில்லை. அழுக்கேறிய ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. மின்னணு இன்ஜெக்‌ஷன் உள்ள எஞ்சினில் அதனால் முடுக்கம்தான் மந்தப்படும், மைலேஜ் மாறாது என்று ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இலேயே காட்டிவிட்டது. ஈகோ மோடைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் ஆக்சிலரேட்டரின் துடிப்பைக் குறைத்து, கியரைச் சீக்கிரம் ஏற்றி, ஏசியைக் கொஞ்சம் அடக்கிவைக்கிறது. கால் பதமான ஓட்டுநருக்கு அது தரக்கூடியது அதிகமில்லை, பதமில்லாதவருக்குக் கண்டிப்பாக உதவும்.

வண்டியையே ஹைபிரிட்டாக மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, எங்கே ஓட்டுகிறீர்கள் என்ற எதிர்க்கேள்விதான் பதில். பிரேக்கில் சூடாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புவதுதான் ஹைபிரிட்டின் பெரிய பலம். ஓட்டம் முழுக்க நெரிசலான நகரத்துக்குள் என்றால், எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் நாளுக்கு நாற்பது முறை நின்றே ஆக வேண்டும் என்றால், பழக்கத்தால் எட்ட முடியாததை ஹைபிரிட் எட்டும். அங்கும் பிரேக்கை மெதுவாக, முன்கூட்டியே தொடுபவருக்குத்தான் முழுப் பலனும் கிடைக்கும். சடாரென்று அழுத்தினால் ஆற்றல் மறுபடியும் டிஸ்க்குக்கே போய்விடும். ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், அதுவும் 120இல் என்றால், காற்றுத் தடையில் போன ஆற்றலை எந்தப் பேட்டரியாலும் திரும்பப் பெற முடியாது. அந்த ஓட்டுநர் இருக்கிற வண்டியை வைத்துக்கொண்டு கேரியரைக் கழற்றிவிட்டு 105க்கு இறங்குவதே சரியான முடிவு என்பேன்.

இரண்டும் கலந்து ஓட்டுபவர் எதில் தொடங்குவது என்று தயங்கினால், ஒரு மாதத்தில் எந்த வகை ஓட்டத்தில் அதிக லிட்டர் போகிறது என்று முதலில் பார்க்கட்டும். அதிக கிமீ எங்கே போகிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாரக்கடைசியில் 300 கிமீ நெடுஞ்சாலையில் ஓடியது பெரிதாகத் தெரியும், ஆனால் வார நாட்களில் நகரத்துக்குள் ஓடிய 150 கிமீ அதே அளவு குடித்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினோடு இரண்டு மூன்று கிமீ போய்வருவது பல இருந்தால், அந்த வேலைகளை ஒரே சுற்றில் சேர்த்துக்கொள்வது எந்த ஓட்டுமுறை மாற்றத்தையும்விட அதிகம் தரும்.

இதையெல்லாம் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. டாஷ்போர்டு கணினி காட்டும் சராசரி பல வண்டிகளில் உண்மையைவிடச் சற்றுத் தாராளமாகவே இருக்கும். டேங்கை முழுக்க நிரப்பி, அடுத்த முறையும் அதேபோல் முழுக்க நிரப்பி, போட்ட லிட்டரை ஓடிய கிமீயோடு ஒப்பிடும் பழைய முறைதான் நம்பகமானது. ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றி, குறைந்தது மூன்று டேங்க் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். நான் ஓட்டும் மூன்று வரிசை பெட்ரோல் வண்டியின் கையுறைப் பெட்டியில் இதற்கென்றே ஒரு சிறிய நோட்டு இருக்கிறது. தேதி, லிட்டர், கிமீ என்று மூன்று பத்திகள் போட்டுத்தான் தொடங்கினேன். ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே பருவம். இருந்தும் அடுத்தடுத்த டேங்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரவே, சில மாதங்களுக்குப் பிறகு நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தேன். அதில் எழுதுவது, அந்த டேங்கை யார் ஓட்டித் தீர்த்தது என்பதை.